எட்டாம் நம்பர் சீட்டின் உளவாளி

அந்தப் பெரிய போரைப் பற்றி ட்ரங்க்கால் அக்கா படிக்காத புத்தகம் ஒன்று இருந்தால், அது இன்னும் அச்சாகவில்லை என்று அர்த்தம். சரித்திரமோ உளவுக்கதையோ, எது வந்தாலும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவாள். ஜன்னலோர நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் அப்புறம் வீடு தீப்பிடித்தாலும் அடுத்த அத்தியாயத்தில்தான் எழுந்திருப்பாள். பொய் என்று தோன்றும் வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுவாள். பெரிய பொய்க்கு இரண்டு கோடு. ராணுவத் தலைமையகமே வெளியிட்ட சிவப்பு அட்டைச் சரித்திரத்தின் ஓரமெல்லாம் வேலி போட்டது போல் ஆகிவிட்டது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "ஊர்ல ஒருத்தரும் கடைக்கு வராட்டியும் பரவால்ல, உனக்குக் கண்ணாடி மாத்தியே நான் காலத்தை ஓட்டிடலாம்" என்பார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் அக்கா. தெரு அவளுக்கு ட்ரங்க்கால் என்று பெயர் வைத்தது அதற்காக மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினாலும் பக்கத்து ஊருக்குப் பேசுகிற குரல் அவளுக்கு. அவள் வீட்டு ரகசியம் எதுவும் தெருமுனை வரை போய்ச் சேராமல் இருந்ததில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

போர்ப் புத்தகங்களைப் பற்றி அவளுக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது. சரித்திரக்காரர்களின் போரில் யாருக்கும் பசிக்காது. தளபதிகள் எப்போதும் வரைபடத்தின் மேல் குனிந்து யோசித்துக்கொண்டே இருப்பார்கள். ஜெயித்தால் வியூகம், தோற்றால் மழை. உளவுக்கதைக்காரர்களின் போரிலோ எல்லாரும் அழகு. ஒருவனுக்கும் ஜலதோஷம் பிடிக்காது. ரகசியக் காகிதத்தைத் திருடிய ஒருத்தியாவது வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்ததாகக் கதை கிடையாது. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. ராங் நம்பர் என்ற ஒன்று அவர்கள் புத்தகத்தில் வரவே வராது.

"ராங் நம்பர் இல்லாம ஒரு போராம்! கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு?" என்று கணவரிடம் சத்தம் போடுவாள். அவர் ஏதோ தானே எழுதிவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

ஆனால் எல்லாப் புத்தகத்திலும் ஒரு சம்பவம் வரும். அந்தப் பக்கம் வந்ததும் அக்காவின் பென்சில் காதிலிருந்து இறங்காது. படிப்பாள், பக்கத்தைத் திருப்புவாள், அவ்வளவுதான். ஒரு கோடு கூட விழாது.

சம்பவம் இதுதான். போரின் இரண்டாம் வருடம், ஒரு மாலை. எதிரிப்படை ஆற்றுப் பாலத்தை நோக்கி வருகிறது என்று செய்தி. பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிடும்படி பாலத்து முகாமுக்கு உத்தரவு சொல்லத் தலைமையகத்திலிருந்து தளபதி போனை எடுக்கிறார். மணி நான்கு பத்து. பாலத்து லைன் என்கேஜ்டு. மறுபடி கேட்கிறார், என்கேஜ்டு. மேஜையைக் குத்துகிறார், அப்போதும் என்கேஜ்டு. பதினான்கு நிமிடம் அப்படியே போகிறது. நான்கு இருபத்து நாலுக்கு லைன் கிடைத்தபோது உத்தரவுக்கே வேலை இல்லாமல் போய்விட்டது. எதிரிப்படை வடக்கே திரும்பிவிட்டது என்று அதற்குள் ஒற்றர் செய்தி வந்துவிட்டிருந்தது. பாலம் தப்பியது. பத்தாம் நாள் நம் படை அதே பாலத்தைக் கடந்து போய் எதிரியை மடக்கியது. போரின் போக்கே அதில்தான் மாறியது.

சிவப்பு அட்டைச் சரித்திரம் இதற்குத் தளபதியின் இரும்பு நெஞ்சமே காரணம் என்கிறது. தன் உத்தரவைத் தானே பதினான்கு நிமிடம் நிறுத்திவைத்துப் பொறுமை காத்தாராம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பின்னால் வந்த பச்சை அட்டைச் சரித்திரத்துக்குத் தளபதியைப் பிடிக்காது. 'எக்ஸ்சேஞ்சில் எட்டாம் நம்பர் சீட்டில் இருந்த உயரமான பெண் ஊழியர் ஒருவரின் அஜாக்கிரதையால் லைன் அடைபட்டது' என்று அது அடிக்குறிப்பில் போட்டது.

அந்த அடிக்குறிப்பை ஓர் உளவுக்கதைக்காரர் பிடித்துக்கொண்டார். கண்ணு மூக்கு வைத்துக் கையும் காலும் வைத்து முந்நூறு பக்கத்துக்கு நாவலாக்கிவிட்டார். அதில் எட்டாம் நம்பர் சீட்டில் இருந்தவள் ரகசிய இலாகாவின் ஆள். பெயர் நீலக் கையுறை. தளபதி முட்டாள்தனமாகப் பாலத்தைத் தகர்க்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சூப்பர்வைசருக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு, நீலப் பட்டுக் கையுறை அணிந்த விரலால் லைனை அடைத்து நாட்டைக் காப்பாற்றுகிறாள். நாவலில் எக்ஸ்சேஞ்சு ஒரு பளிங்கு மண்டபம். நிஜத்தில் அங்கே ஒரு மின்விசிறிதான் இருந்தது, அதுவும் சூப்பர்வைசர் பக்கமே திரும்பி நிற்கும்.

எட்டாம் நம்பர் சீட்டில் நிஜமாக இருந்தவள் நெட்டை. அக்காவின் சிநேகிதி. அக்கா உட்கார்ந்தது ஏழாம் நம்பரில். சம்பவம் நடந்த மறுநாளே நெட்டையை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தளபதியின் உத்தரவு போய்ச் சேராதது அன்றைக்குத் தோல்வி, யார் தலையாவது உருள வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து அதுவே வெற்றி ஆனபோது பதக்கத்துக்கு ஆள் கிடைத்தது. உருண்ட தலையை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

நெட்டை தையல் கற்றுக்கொண்டாள். அக்கா வீட்டிலிருந்து மூன்றாவது கட்டிடத்தில் கடை போட்டாள். அஜாக்கிரதைக்காரி என்று பேர் வாங்கியவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? முதல் சில வருடம் தையல் மெஷின் தூங்கிய நாள்தான் அதிகம். அந்த நாவல் வந்ததும் காற்று அப்படியே திரும்பியது. கை அளவு கொடுக்கும் சாக்கில் அவள் விரலைப் பார்க்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கோட்டு தைக்க வந்த ஆண்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நெட்டையும் லேசுப்பட்டவள் இல்லை. நாவலைப் பற்றிக் கேட்டால் ஆமென்றும் சொல்ல மாட்டாள், இல்லையென்றும் சொல்ல மாட்டாள். ஊசியை வாயில் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்ப்பாள். அது போதும், கேட்டவர் முதுகில் சிலிர்க்கும்.

கடையைச் சாத்தும்போது இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை மூன்று தடவை பார்ப்பாள். பூட்டை நாலு தடவை இழுப்பாள். தெருமுனை வரை போய்விட்டு மறுபடி திரும்பி வந்து ஐந்தாவது தடவையும் இழுப்பாள். "பாத்தியா, பழைய உளவாளி. பழக்கம் விடுமா?" என்று பழக்கடைக்காரர் கண்ணடிப்பார்.

அக்கா மட்டும் அந்தப் பூட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் புத்தகத்தில் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பாள். ஏனென்றால் அந்தப் பதினான்கு நிமிடமும் அக்காவுடைய வேலை.

எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பெண்ணுக்கும் முன்னால் ஒரு போர்டு இருக்கும். எல்லா போர்டிலும் எல்லா லைனுக்கும் ஒரு துளை இருக்கும். யாராவது ஒருத்தி ஒரு துளையில் ஒயரைச் சொருகிவிட்டால் மற்றவர்கள் காதில் 'டொக்' என்று கேட்கும், லைன் என்கேஜ்டு என்று தெரிந்துகொள்வார்கள். இதில் பெண்கள் ஒரு குறும்பைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தொல்லை கொடுக்கும் ஆள் யாராவது இருந்தால், அவர் லைனில் ஒயரின் ஒரு முனையைச் சொருகிவிட்டு மறுமுனையைச் சும்மா தொங்க விட்டுவிடுவார்கள். அவரும் கூப்பிட முடியாது, அவரை யாரும் கூப்பிடவும் முடியாது. இதற்குப் பூட்டுப் போடுவது என்று பேர். மாட்டிக்கொண்டால் சீட்டு கிழிந்துவிடும், ஆனால் யாரும் மாட்டியதில்லை.

பாலத்து முகாமில் மீசை என்று ஒருவன் இருந்தான். காவல் காப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது. பாலமோ எங்கும் ஓடிப்போகிற ஜாதி இல்லை. அதனால் அரைமணிக்கு ஒருதரம் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "அம்மா, மணி என்னம்மா? ஒரு பாட்டு பாடட்டுமா?" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்காமல் பாடியும் விடுவான்.

அன்றைக்கு அக்கா போர்டின் கீழே இருந்த இழுப்பறையைப் பாதி திறந்து வைத்து ஓர் உளவுக்கதை படித்துக்கொண்டிருந்தாள். வெளியே நிஜப் போர் நடக்கிறது, உள்ளே காசு கொடுத்து வாங்கிய போர்தான் அவளுக்கு முக்கியம். இரண்டே பக்கம் பாக்கி. துரோகி யார் என்று தெரியப் போகிற நேரத்தில் மீசை கூப்பிட்டுப் பல்லவியை ஆரம்பித்தான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் போர்டில் ஒயர் தொங்கினால் சூப்பர்வைசர் கண்ணில் படும். பக்கத்தில் நெட்டை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். காலி சீட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? எட்டாம் நம்பர் ஒயர் ஒன்றை எட்டி எடுத்துப் பாலத்துத் துளையில் சொருகிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். நெட்டை வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு பக்கம் முடிந்தது, அதற்கு அப்புறமும் ஓர் அத்தியாயம் இருந்தது.

நெட்டை வந்து உட்கார்ந்து ஏழெட்டு லைனை மும்முரமாகக் கவனித்தாள். மூன்றாம் நம்பர் சீட்டில் தலைமையகம் கத்துவதோ, சூப்பர்வைசர் இங்கும் அங்கும் ஓடுவதோ அக்கா காதில் விழவில்லை. கடைசியில் நெட்டையேதான் தன் போர்டில் அநாதையாகத் தொங்கிய ஒயரைப் பார்த்து உருவினாள். உருவிய நேரம் பார்த்துப் பின்னால் சூப்பர்வைசர் நின்றாள்.

"யாருக்குப் போட்ட லைன் இது?"

நெட்டை ஒயரையும் துளையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரியல மேடம். நான்தான் போட்டுட்டு மறந்திருப்பேன்" என்றாள்.

ஒளிவு மறைவு இல்லாத அந்த ஒரு வார்த்தை அவளைக் கவிழ்த்துவிட்டது. பக்கத்தில் ட்ரங்க்கால் என்று பேர் எடுக்கப் போகிறவளுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வந்து சேர முப்பத்தாறு வருடம் ஆனது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பழியும் பாவமும் தினம் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தன.

இப்படியே காலம் போயிருக்கும். போன மாதம் ஒரு சரித்திரப் பேராசிரியர் வந்து சேராமல் இருந்திருந்தால்.

போரைப் பற்றி நான்கு பாகத்தில் முழுச் சரித்திரம் எழுதிக்கொண்டிருக்கிறவர் அவர். மூன்று பாகம் வெளிவந்துவிட்டது. பையில் டேப் ரிக்கார்டர், மடியில் எக்ஸ்சேஞ்சின் பழைய டியூட்டி ரிஜிஸ்டர். அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இரண்டு பேரையும் விசாரித்தார். நெட்டை வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தாள். பேராசிரியர் அதற்கெல்லாம் மசிகிற ஆளாகத் தெரியவில்லை.

"இதுதாம்மா கடைசிப் புஸ்தகம். இதுல வர்றதைத்தான் இனிமே பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுப்பாங்க" என்றார். "அந்த ஒயர் ஒண்ணு அஜாக்கிரதையால போட்டது, இல்லைன்னா ரகசியப் பணிக்காகப் போட்டது. மூணாவதா ஒண்ணு இருக்க முடியாது. ஆதாரம் எதுவும் கிடைக்கலேன்னா அஜாக்கிரதைன்னுதான் எழுதணும். ரிஜிஸ்டர்ல உங்க பேர் இருக்கு. பேரோட போடுவேன். அடுத்த சனிக்கிழமை வர்றேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

'பேரோட' என்றதும் நெட்டை கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, சரியாக வைத்தோமா என்று மறுபடியும் பார்த்தாள். அக்கா அதைப் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோற்றில் மறைப்பது? மூன்று நாள் அக்காவுக்குப் புத்தகம் இறங்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் தையல் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நெட்டை ஒரு கோட்டின் காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஊமையாட்டம் உக்காந்திருக்க? உடம்பு சரியில்லையா?"

"அந்த ஒயரை நீ மறக்கலடி."

"எந்த ஒயரை?"

"எந்த ஒயரா? உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒயர்தான்."

பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மீசையின் பாட்டு, காலி சீட்டு, இழுப்பறைக்குள் இருந்த புத்தகம், ஒன்றையும் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில் பேசினாள். நெட்டை இஸ்திரிப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே கேட்டாள்.

"எத்தனை பக்கம் பாக்கி இருந்தது?"

"ரெண்டு பக்கம்தான். அப்புறம் ஒரு அத்தியாயம்."

நெட்டை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நான் மறக்கல."

"மறக்கல."

"என் கை எதையும் விட்டுடல."

"இல்லடி."

"முப்பத்தாறு வருஷம்" என்றாள் நெட்டை. அவள் சத்தமே போடவில்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. "சுவிட்சை அணைச்சேனா, பூட்டைப் போட்டேனான்னு தெருவுக்கும் கடைக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சுது. ஒரு சட்டைக்குப் பொத்தான் வச்சா நாலு தடவை எண்ணுவேன். என் தங்கச்சி பிள்ளை பெத்தப்போ, தூக்கிக்கோக்கான்னு நீட்டினா. நான் வாங்கலடி. இது எதையாவது மறந்து விட்டுடற கை, குழந்தையைக் கீழ போட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். அது வளந்து கல்யாணமும் பண்ணிடுச்சு. நான் ஒரு நாள் தூக்கினதில்ல."

அக்கா அழுதாள். நெட்டை அழவில்லை. "வெளிய போடி" என்றாள்.

அக்கா தெருவில் இறங்கி நின்றாள். நெட்டை சுவிட்சை அணைத்தாள், வெளியே வந்தாள், பூட்டைப் போட்டாள். இழுத்துப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று தெருமுனை திரும்பிப் போய்விட்டாள். பழக்கடைக்காரர் வெகுநேரம் அவள் திரும்பி வருவாளென்று காத்திருந்துவிட்டு, ஏதோ பெரிய ரகசிய வேலை வந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை வரை நெட்டை அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா போய்க் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை. "எக்ஸ்சேஞ்சுல இருந்து யாராவது பூட்டுப் போட்டுட்டாங்களா?" என்று கேட்ட கணவருக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது. விஷயம் தெரிந்திருந்தால் அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க மாட்டார், பாவம்.

பேராசிரியர் சரியாக நாலு மணிக்கு வந்து டேப் ரிக்கார்டரை மேஜையில் வைத்தார். நெட்டை வரவில்லை. அக்கா தீர்மானமாக இருந்தாள். தெரு சிரிக்கட்டும், ஓய்வு பெறும்போது கொடுத்த கேடயத்தைத் திரும்பக் கேட்கட்டும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தன் பேரை எழுதித் தொலைக்கட்டும். அஜாக்கிரதை என்று இன்னொருத்தி பேர் அச்சாகக் கூடாது.

"சார், அன்னிக்கு அந்த ஒயரைச் சொருகினது…" என்று ஆரம்பித்தாள்.

"நான்தான்" என்றபடி நெட்டை உள்ளே வந்தாள். தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேராசிரியரை நேருக்கு நேர் பார்த்தாள். "தெரிஞ்சேதான் சொருகினேன். மேலிடத்து உத்தரவு."

பேராசிரியரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "எந்த மேலிடம்?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

அக்கா வாயைத் திறந்தாள். "இவ டீ போடறேன்னா, சார். நானும் போய் உதவி பண்றேன்" என்று நெட்டை அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நான்தான் ஒத்துக்கப் போறேனே!" என்றாள் அக்கா.

"கத்தாதே. பக்கத்து ஊர்ல கேக்கும்." நெட்டை தானே பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். "அஜாக்கிரதைன்னு என் பேர்ல எழுதினா நான் செத்துடுவேன். கதை படிச்சான்னு உன் பேர்ல எழுதினா நீ செத்துடுவ. உளவாளின்னு எழுதினா ஒருத்தரும் சாக மாட்டோம். தளபதி மட்டும் கொஞ்சம் சாவார், அவர் எப்பவோ போய்ச் சேந்தாச்சு."

"அது பொய்யில்ல?"

"என் கை மறக்கலன்னு எனக்குத் தெரியணும், தெரிஞ்சாச்சு. அது அந்த மனுஷனுக்கு எதுக்குடி தெரியணும்?" நெட்டை அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். "என் வேலையை எடுத்துக்கிட்ட. நிம்மதியை எடுத்துக்கிட்ட. மிச்சம் என்கிட்ட இருக்கறது அந்த நீலக் கையுறை ஒண்ணுதான். அதையும் வந்து உருவிட்டுப் போகாதே. போய்ச் சாட்சி சொல்லு."

"அப்ப என்னை மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்கல. அதை ஆற அமரப் பாத்துக்கலாம். இப்ப டீயை எடு."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பேராசிரியர் டேப்பைச் சுழல விட்டார். "இந்த அம்மா சொல்றது உண்மையா? நீங்க பக்கத்து சீட்லதானே இருந்தீங்க? என்ன பாத்தீங்க?"

முப்பத்தாறு வருடமாகப் பென்சிலும் கையுமாகப் படித்ததெல்லாம் அன்றைக்குக் கைகொடுத்தது. எந்த மாதிரிப் பொய் நம்பப்படும், எது நம்பப்படாது என்று அந்த ஊரில் அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. பளிங்கு மண்டபத்தை முதலில் தூக்கி எறிந்தாள். மயக்க மருந்து சுத்தப் பொய் என்றாள். கையுறையே கிடையாது என்றபோது பேராசிரியர் பலமாகத் தலையாட்டினார், நாவல் என்றால் அவருக்கு அருவருப்பு. அப்படி மூன்று பொய்யை மறுத்து நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, நாலாவதை நிதானமாக இறக்கினாள். போருக்கு ஆறு மாசம் முன்னாலிருந்தே வாரத்துக்கு ஒருதரம் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் எக்ஸ்சேஞ்சு வாசலில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தபடி நிற்பார். நெட்டை அவரிடம் பேச மாட்டாள், நேரம் மட்டும் கேட்பாள். அந்த மாலை மூன்றரை மணிக்கு அவர் வந்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை.

"கொடுக்கவே இல்லையா?" என்றார் பேராசிரியர் மூச்சு வாங்க.

"கொடுக்கல சார். அப்படியே பையில போட்டுட்டுப் போயிட்டார்."

நெட்டை முந்தியெல்லாம் தெருவுக்குக் காட்டிய ஜன்னல் பார்வையைக் கூட மறந்து, வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன்னைப் பற்றி இத்தனை விவரம் அவளுக்கே தெரியாது.

"ரகசிய இலாகாவுக்கு நான் எழுதிக் கேட்டேன்" என்றார் பேராசிரியர். "எட்டாம் நம்பர் சீட்ல எங்க ஆள் யாரும் இருந்ததில்லைன்னு பதில் போட்டாங்க. நான் கேட்காமலே சீட் நம்பரை எப்படிக் குறிப்பிட்டாங்கன்னு அப்பவே யோசிச்சேன்." உண்மையில் அவர்தான் தன் கடிதத்தில் நம்பரை எழுதியிருந்தார், அதை மறந்துவிட்டார். "இல்லைன்னு இவ்வளவு அழுத்திச் சொன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? இதைவிடப் பெரிய ஆதாரம் வேற வேணுமா?"

வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அவர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். நான்காம் பாகத்தில் பதினான்கு நிமிடங்களுக்கு மட்டும் தனி அத்தியாயம் என்றார். நெட்டையை எழுந்து நின்று வணங்கினார். நெட்டை பெரிய மனசு பண்ணி அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் அக்காவின் பக்கம் திரும்பியபோது அவள் முகத்தில் மறுபடியும் பழைய மேகம் வந்துவிட்டதை அக்கா பார்த்தாள். மன்னிப்பு இன்னும் பாக்கி இருந்தது.

டேப்பை நிறுத்திவிட்டு, பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே, சும்மா ஒரு மரியாதைக்காகப் பேராசிரியர் அக்காவிடம் கேட்டார். "அது சரி, அந்தப் பதினான்கு நிமிஷமும் நீங்க என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

அக்கா நெட்டையைப் பார்த்தாள். பிறகு தன் முழுக் குரலில், தெருமுனைப் பழக்கடை வரைக்கும் கேட்கும்படியாக, அவரைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் சார் அந்த ஒயரைச் சொருகிட்டு, இழுப்பறைக்குள்ள கதைப் புஸ்தகம் படிச்சிட்டிருந்தேன்."

பேராசிரியர் ஒரு கணம் விழித்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெட்டையும் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிநேகிதியைக் காப்பாத்த எவ்வளவு தூரம் போறீங்கம்மா!" என்றார் பேராசிரியர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "நல்ல மனசு. ஆனா இதை நான் எழுத முடியாது. படிக்கிறவன் நம்ப மாட்டான்."